கலகக்கார வேம்பயர் கூட்டத்துல யாருக்கு என்ன பதவி? (லாஸ் ஏஞ்சலஸ் களம், யோசனை வேணும்)

நள்ளிரவுக்காரன் | வெள்ளி, இரவு 10:52

வணக்கம் மக்களே. நாங்க அஞ்சு பேர் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை ராத்திரி உக்காந்து 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' ஆடுறோம் (பகடை உருட்டி, ஆளுக்கொரு ரத்தம் குடிக்கிற வேம்பயரா நடிச்சு ஆடுற கதை விளையாட்டு). நான்தான் கதைசொல்லி, அதாவது ஆட்டத்தை நடத்துறவன். களம் லாஸ் ஏஞ்சலஸ், இந்தக் காலம். என் ஆளுங்க எல்லாரும் அனார்க் பக்கம்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி: கேமரில்லான்னா பெருசுங்க நடத்துற ஆட்சி. ஊருக்கு ஒரு இளவரசர் (பொம்பளையா இருந்தாலும் அதே பட்டம்தான்), மூத்தோர் சபை, காவலுக்கு ஷெரிஃப், யார் மானம் எவ்வளவு பெறும்னு வம்பளக்கிற ஹார்பிகள், எலிசியத்துக்கு (யாரும் சண்டை போடக் கூடாத பொது இடம்) ஒரு காப்பாளர். இதெல்லாம் எங்களுக்கு வேணாம்னு கிளம்பினவங்கதான் அனார்க்குகள்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். போன ஆட்டத்துல கலகக் கூட்டத்துக்குப் பதவி பிரிச்சேன். இளவரசர் இடத்துல பேரன் (இங்கிலீஷ் Baron), ஷெரிஃப் இடத்துல ரீவ், வெளியூர்ப் பேச்சுக்கு எமிசரி, ஊருக்குள்ள யார் வந்தா போனான்னு பாக்க ஸ்வீப்பர். எல்லாம் புத்தகத்துல இருக்கற பட்டம்தான். எழுதி முடிச்சிட்டுப் பாத்தா அப்படியே கேமரில்லா, மேல ஒரு தோல் ஜாக்கெட் மாட்டி விட்ட மாதிரி. டேபிள்ல ஒருத்தி கேட்டா: "இதுக்கா 1944ல இளவரசரைத் தூக்கி எறிஞ்சாங்க?" என்கிட்ட பதில் இல்ல.

இன்னொரு சில்லறைத் தொல்லை. பேரன்னு சொன்னாலே சிரிப்பு. "ஹாலிவுட் பேரன் வந்திருக்கார்." "யாரோட பேரன்?" முக்கியமான காட்சியில அஞ்சு நிமிஷம் போச்சு.

---

பகடைப்பாண்டி | வெள்ளி, இரவு 11:37

தம்பி, பட்டத்துல ஆரம்பிச்சா இப்படித்தான் முடியும். முதல்ல தலையை எண்ணு.

பழைய பதிப்புகள்ல ஒரு லட்சம் மனுஷனுக்கு ஒரு வேம்பயர்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 2020 கணக்கெடுப்புப்படி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துல கிட்டத்தட்ட 39 லட்சம் பேர். ஆக 39 வேம்பயர். மாவட்டம் முழுக்க எடுத்தா ஒரு கோடி ஜனம், 100 வேம்பயர். நகரத்து 39ல கொஞ்சம் பேர் கேமரில்லா, கொஞ்சம் பேர் யார் வம்புக்கும் போகாம ஒதுங்கினவங்க. உன் கலகக்காரங்க மிஞ்சிப் போனா 20 பேர். அந்த 20 பேருக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், தூதர், காவல், அஞ்சு வட்டாரத் தளபதின்னு போட்டா அடிமட்டத் தொண்டனே மிஞ்ச மாட்டான். எங்க அபார்ட்மென்ட் சங்கம் மாதிரிதான் ஆகும். பாதிப்பேர் நிர்வாகி, மீதிப்பேர் முன்னாள் நிர்வாகி.

ரெண்டாவது, இளவரசர் கையில இருக்கறது என்னென்னன்னு பிரிச்சுப் பாரு. யார் எங்க வேட்டையாடலாம். யார் புது ஆளை உருவாக்கலாம். ஊருக்குள்ள வர்றவன் யார்கிட்டப் போய்த் தலையைக் காட்டணும். யாரைக் கொல்லலாம். இந்த நாலு சாவியும் ஒரே இடுப்புல தொங்குது, அதனாலதான் அவரைக் கண்டா எல்லாரும் நடுங்குறாங்க. உன் பட்டியல்ல பேரன் இடுப்புலயும் அதே நாலு சாவி. பேரை மட்டும் மாத்தியிருக்க. நாலையும் நாலு பேர்கிட்டக் குடு, அப்புறம் பாரு டேபிள் எப்படி ஆடுதுன்னு.

---

சாம்பல்பூனை | சனி, காலை 12:20

நாலு பேர்கிட்டக் குடுத்தா மூணே மாசத்துல ஒருத்தன் மத்த மூணு சாவியையும் பிடுங்குவான். நாம யூகிக்கவே வேணாம், ஆட்டத்தோட கதையே அதுதானே.

1944ல அனார்க் தலைவன் மெக்நீலோட கூட்டம் இளவரசர் டான் செபாஸ்டியனை வீழ்த்திச்சு. இனி இங்க இளவரசரே கிடையாது, சுதந்திர மாநிலம்னு அறிவிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம்? கும்பல் கும்பலாப் பிரிஞ்சு தெருவுக்குத் தெரு அடிச்சுக்கிட்டாங்க. ஆளுக்கொரு பேட்டை, பேட்டைக்கொரு பேரன். கடைசில ஆசியாவுல இருந்து வேற வகை ரத்தம் குடிக்கிறவங்க வந்து பெரும் பகுதியைப் பிடிச்சாங்க. இதே ஆட்டத்தை வெச்சு 2004ல வந்த 'பிளட்லைன்ஸ்' கம்ப்யூட்டர் கேம்ல அந்த மிச்சம் மீதிதான் நமக்குக் காட்டுறாங்க: லக்ரோய்னு ஒருத்தர் வெளியூர்ல இருந்து வந்து நான்தான் இளவரசர்ங்கிறார், எதுத்து நிக்க ஒரு ஒழுங்கான கூட்டம் இல்ல. ஒரு மதுக்கடை மாடியில நாலு பேர் நின்னு கோவப்படுறாங்க.

கலகக்காரன் பதவியைப் பிரிச்சா சிதறுவான், பிரிக்கலன்னா இளவரசர் ஆவான். ரெண்டுல எது வேணும்னு உன் டேபிள்ல கேளு.

---

கயல்_எல்ஏ | சனி, காலை 1:05

நான் இங்க 14 வருஷமா இருக்கேன், அதனால ஊர்க் கணக்கு மட்டும் சொல்றேன்.

நீங்க எல்லாரும் லாஸ் ஏஞ்சலஸ்னா ஒரு ஊர்னு நினைச்சுப் பேசறீங்க. மாவட்டத்துக்குள்ள 88 தனித்தனி நகராட்சி. சான்டா மோனிகா வேற ஊர், அதுக்குத் தனி போலீஸ். பெவர்லி ஹில்ஸ் வேற ஊர். ஹாலிவுட் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள்ள, ஆனா பக்கத்துலயே இருக்கற வெஸ்ட் ஹாலிவுட் 1984ல தனி நகரம் ஆயிடுச்சு, அங்க காவல் பாக்கறது மாவட்ட ஷெரிஃப் துறை. ஒரு வேம்பயர் ஹாலிவுட்ல ஒருத்தன் கழுத்தைக் கடிச்சிட்டு நாலு தெரு தள்ளி ஓடினா, கேஸ் பாக்கற போலீஸே மாறிடும். இது தெரிஞ்ச ஆளை விட உங்க தளபதி ஒண்ணும் பெரிய ஆள் கிடையாது.

அப்புறம் துறைமுகம். சான் பீட்ரோ ஊர் தெக்கு ஓரத்துல இருக்கு. அதைச் சேத்துக்கறதுக்காகவே 1906ல ஒரு ஒல்லியான நிலப்பட்டையை நகரத்தோட இணைச்சாங்க, 1909ல சான் பீட்ரோவும் சேந்துச்சு. மேப்ல பாருங்க, ஷூ லேஸ் மாதிரி ஒரு துண்டு தொங்கும். அந்த லேஸ் யார் கையில இருக்கோ அவங்களைத் தாண்டாம நகர எல்லைக்குள்ளயே துறைமுகம் போக முடியாது. கதைக்கு இதை விட நல்ல பேட்டை கிடைக்குமா?

முக்கியமான விஷயம் நேரம். ஜூன் கடைசில இங்க சூரியன் மறைய ராத்திரி எட்டு தாண்டும், காலைல 5:42க்கு உதயம். ஒன்பதரை மணி நேரம்தான் ராத்திரி. டிசம்பர்ல பதினாலு மணி நேரம் கிடைக்கும். ஜூன்ல ஒரு கூட்டம் போட்டு, 405 நெடுஞ்சாலைல ஆள் வந்து சேந்து, பேசி, சாப்பிட்டு, இருட்டோட வீட்டுக்குப் போகணும். கோடைல ஜனநாயகம் சுருங்கிடும் அங்க! எல்லாரையும் கூட்டி ஓட்டெடுக்க நேரமில்லன்னு சொல்லியே ஒருத்தர் எல்லா முடிவையும் எடுப்பார். பூனை சொன்ன அந்த "பிடுங்கறது" இப்படித்தான் நடக்கும்னு எனக்குத் தோணுது. கத்தி எடுத்து யாரும் பிடுங்கறதில்ல, "நேரம் ஆச்சு, நானே பாத்துக்கறேன்"னு சொல்லித்தான்.

இன்னொண்ணு: மதுக்கடையைத் தலைமையகமா வெக்கறவங்க கவனத்துக்கு. கலிஃபோர்னியாவுல ராத்திரி 2 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் மது விக்கக் கூடாது. ரெண்டு மணிக்குக் கூட்டம் கலையும். அதுக்கப்புறமும் அங்க இருபது பேர் நிக்கறாங்கன்னா எதிர் வீட்டுக்காரன் பாப்பான்.

---

நள்ளிரவுக்காரன் | சனி, காலை 9:14

கயல் அக்கா, ஷூ லேஸ் என்னுது. யாரும் எடுத்துராதீங்க.

---

தொப்பியார் | சனி, காலை 10:40

பதவிகளை விடுங்கள், சொற்களுக்கு வருகிறேன். தமிழில் ஆடுகிறீர்கள், பட்டங்களை மட்டும் ஏன் கடன் வாங்குகிறீர்கள்?

ஒரு வட்டாரத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு, மேலே ஓர் அரசன் இருப்பதை ஒப்புக்கொள்ளாமல் முறைத்துக்கொண்டு நிற்பவருக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பாளையக்காரர். பேரன் தொல்லையும் ஒழிந்தது. எமிசரி தூதுவர்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்வீப்பர் என்பதை அப்படியே வைக்காதீர்கள். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு தொழில், வேறு வலி நினைவுக்கு வரும். ஆட்டத்தில் அவருடைய வேலை என்ன? ஊருக்குள் யார் புதிதாக வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது. கிராமத்தில் அந்த வேலை செய்தவருக்குப் பெயர் தலையாரி. முன்பின் தெரியாத ஆள் எல்லையில் கால் வைத்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். சம்பளம் சொற்பம், பட்டியலில் கடைசிப் பெயர், ஆனால் ஊரில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் யாரும் 'ரத்தக்காட்டேரி' என்று எழுதாமல் வேம்பயர் என்றே எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டுப் பக்கம் காட்டேரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மதுக்கடையில் நிற்பவனை அந்தப் பெயரால் கூப்பிட எனக்கு வாய் வராது.

---

சாம்பல்பூனை | சனி, காலை 11:02

பாளையக்காரர் சரி. ஆனா அவரும் பரம்பரைப் பதவிதானே தொப்பியாரே?

---

தொப்பியார் | சனி, காலை 11:09

அதுதான் வசதி. பட்டத்தைக் கேட்டதும் ஆட்டக்காரர்களுக்குச் சந்தேகம் வரட்டும். தமிழ்நாட்டில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980ல்தான் ஒழித்தார்கள். பதவி என்று ஒன்று வந்துவிட்டால் அது பிள்ளைக்குப் போகும் வழியைத் தானே தேடிக்கொள்ளும். வேம்பயருக்குப் பிள்ளை என்றால் தான் கடித்து உருவாக்கிய ஆள். உங்கள் பாளையக்காரர் யாரை உருவாக்கலாம் என்பதை அவரே தீர்மானித்தால், அடுத்த பாளையக்காரர் யார் என்பதும் அப்போதே முடிந்துபோகிறது.

---

வடலி | சனி, மதியம் 1:30

நான் டொரொண்டோவில ஒரு குழுவோட விளையாடுறனான். வாசிச்சுக்கொண்டு மட்டும் போவம் எண்டுதான் வந்தனான், தொப்பியார் கடைசியாச் சொன்னதுக்கு ஒண்டு சொல்ல வேணும்.

எங்கட மேசையில இந்த அனார்க் ஆக்களை "இயக்கம்" எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல. அந்தச் சொல்லை வீட்டில ஆரும் சொன்னா அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போயிடுவார். அதால "பெடியள் கூட்டம்" எண்டுதான் சொல்லுவம். அது வேற கதை.

நான் சொல்ல வந்தது என்னெண்டால், நீங்கள் எல்லாரும் ஆர் தலைவர் எண்டு கதைக்கிறியள். கலகக்காரருக்கு முதல் கேள்வி ஆருக்கு எவ்வளவு தெரியும் எண்டதுதான். தலையாரிக்கு எல்லாற்ற படுக்கிற இடமும் தெரியும் எண்டால், ஷெரிஃபுக்கு ஒரே ஒரு ஆளைப் பிடிச்சாக் காணும், விடியக்கிடையில எல்லாரும் சாம்பல். நாங்கள் விளையாடேக்க அப்பிடித்தான் ஒருக்கா முழுக் கூட்டமும் முடிஞ்சது. அதுக்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைச்சம்: தலையாரிக்கு வாற போற ஆள் தெரியும், படுக்கிற இடம் தெரியாது. படுக்கிற இடம் ஆளுக்கு ஒரு கூட்டாளிக்கு மட்டும் தெரியும். தூதுவருக்கு ரெண்டும் தெரியாது, ஏனெண்டால் எதிரியின்ர வீட்டில போய் இருந்து கதைக்கிற ஆள் அவர்தான்.

பதவியை எழுதேக்க பக்கத்தில ஒரு வரி போடுங்கோ: இவருக்கு என்ன தெரியக் கூடாது. எங்கட மேசையில கதை அதிலயிருந்துதான் பிறந்தது.

---

நள்ளிரவுக்காரன் | சனி, மதியம் 1:48

வடலி அண்ணா, இது அருமை. "என்ன தெரியக் கூடாது". இப்பவே நோட்ல எழுதிட்டேன்.

---

பகடைப்பாண்டி | சனி, மாலை 4:15

வடலிக்கு ஒரு கும்பிடு. பூனைக்குப் பதில் சொல்ல மத்தியானம் பூரா யோசிச்சேன், மனைவி கேட்டாங்க ஏன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்கன்னு.

பூனை, நீ சொன்ன அதே மதுக்கடையில நிக்கறார் ஸ்மைலிங் ஜாக். அந்த ஆள் மனுஷனா இருந்தப்ப யாரு? கடல் கொள்ளைக்காரன். ஆட்டத்துல சும்மா ஒரு அலங்காரத்துக்கு அப்படி வெச்சிருக்கலாம், ஆனா அதைப் பிடிச்சு இழுத்தா நிஜமான ஒரு ஏற்பாடு வெளிய வருது.

1720 வாக்குல பார்த்தலோமியோ ராபர்ட்ஸ்னு ஒரு கொள்ளைக் கப்பல் தலைவன். அவன் கப்பல்ல எழுதி வெச்ச சட்டம் இன்னைக்கும் கிடைக்குது. முதல் விதியே முக்கியமான விஷயத்துல எல்லாருக்கும் ஓட்டு உண்டுங்கறது. அதே விதியிலதான் சாப்பாட்டுலயும் சாராயத்துலயும் எல்லாருக்கும் சம உரிமைன்னு வருது. ஓட்டும் சோறும் ஒரே வரியில இருக்கறதைக் கவனி. கொள்ளையில பங்கு: கேப்டனுக்கு 2, குவார்ட்டர்மாஸ்டருக்கும் 2. பீரங்கிக்காரனுக்கு ஒண்ணரை. சாதாரண ஆளுக்கு 1. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம்.

அதுல குவார்ட்டர்மாஸ்டர்னு ஒருத்தர் வர்றார் பாரு, அவர்தான் விஷயமே. அந்தக் காலக் கொள்ளைக் கப்பல்கள்ல கேப்டன் சொல்லுக்கு மறுப்பேச்சு இல்லாதது துரத்தும்போதும் சண்டை போடும்போதும் மட்டும்தான். மத்த நேரம் சோறு அளந்து போடறது, சண்டை தீக்கறது, பங்கு பிரிக்கறது எல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் வேலை. அவரையும் கப்பல் ஆளுங்கதான் தேர்ந்தெடுப்பாங்க. கேப்டன் சரியில்லன்னா ஓட்டுப் போட்டு இறக்கியும் இருக்காங்க. கத்தி வெச்சிருக்கறவன் கையில கரண்டி கிடையாது.

ஆக நாலு சாவி பிரிக்கறது ரெண்டாவது வேலை. முதல் வேலை சண்டைச் சாவியையும் சோத்துச் சாவியையும் பிரிக்கறது. உன் பாளையக்காரர் சண்டைக்குத் தலைவரா இருக்கட்டும். ஷெரிஃப் ஆளுங்க பேட்டைக்குள்ள வந்துட்டா அவர் சொன்னதுதான் சட்டம். சண்டை முடிஞ்ச மறு ராத்திரி, அவரும் வரிசையில நின்னு வேட்டை நிலம் வாங்கிக்கணும்.

---

ஓ_நெகட்டிவ் | சனி, இரவு 7:50

தொழில்ல ரத்த வங்கிக்காரன். இந்த இழையில எனக்கு ஒரு நாற்காலி போடலன்னா எப்படி?

பாண்டியண்ணே சொன்ன சோத்துச் சாவிக்கு நிஜக் கணக்கு போட்டுப் பாத்தேன். அமெரிக்காவுல ஒருத்தர் முழு ரத்தம் தானம் பண்ணா அடுத்த தடவைக்கு 56 நாள் காத்திருக்கணும். (நம்ம ஊர்ல ஆண்களுக்கு 3 மாசம், பெண்களுக்கு 4 மாசம்.) ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர். யாரையும் கொல்லாம, மயங்கி விழ வெக்காம குடிக்கணும்னா ஒரு வேம்பயர் அதே அளவைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சுக்குவோம். மூணு ராத்திரிக்கு ஒருக்கா ஒரு அரை லிட்டர். அப்ப ஒரு வேம்பயருக்குச் சுழற்சி முறையில 19 ஆள் வேணும். உங்க 20 கலகக்காரங்களுக்கு 380 பேர். ஊர் முழுக்க 39 பேருக்கு 741 பேர்.

741 பேர்ங்கறது 39 லட்சத்துல தூசு மாதிரி இருக்கும். ஆனா ராத்திரி தனியா கிடைக்கணும், மறுநாள் ஞாபகம் இருக்கக் கூடாது, ஒரே ஆளை ரெண்டு வேம்பயர் ஒரே வாரத்துல கடிக்கக் கூடாது. கடிச்சா என்ன ஆகும்? ஒரு சின்னப் பையன் ஹீமோகுளோபின் 6 வெச்சுக்கிட்டு அவசரப் பிரிவுக்கு வருவான், உடம்புல எங்கயும் காயம் இருக்காது. என்னை மாதிரி ஒரு ஆள் ரிப்போர்ட்டைப் பாத்துட்டுப் புருவத்தைத் தூக்குவான். ஒரே தெருவுல இருந்து மூணு பேர் அப்படி வந்தா போன் பண்ணுவான். வேம்பயர் இருக்கற விஷயம் வெளிய தெரியறது இப்படித்தான், யாராவது பல்லைக் காட்டிப் போஸ் குடுத்து இல்ல.

அதனால யார் எப்ப யாரைக் குடிச்சாங்கன்னு கணக்கு வெக்க ஒரு ஆள் கட்டாயம். 2018 பதிப்புல பசிப் பகடை இருக்கு இல்லையா, பசி அஞ்சு வரைக்கும் ஏறும், ஆளைக் கொல்லாம அதைச் சுத்தமா பூஜ்யத்துக்கு இறக்க முடியாது. அப்ப கணக்குல எப்பவும் எல்லாரும் கொஞ்சம் பசியோடதான் இருப்பாங்க. அரைப்பசிக்காரன் இருபது பேர் முன்னாடி கணக்கு நோட்டை வெச்சுக்கிட்டு நிக்கறவனுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு நினைச்சுப் பாருங்க.

---

தொப்பியார் | சனி, இரவு 8:03

அவருக்கும் பெயர் இருக்கிறது. கல்யாண வீட்டில் இலைக்கு இலை பார்த்துக்கொண்டே போவாரே, பந்தி விசாரிப்பவர். மாப்பிள்ளை வீட்டார் என்றாலும் அடுத்த பந்திக்குக் காத்திருக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

---

கயல்_எல்ஏ | சனி, இரவு 8:30

பந்தி விசாரிப்பவர்!! ஆபீஸ்ல உக்காந்து சத்தமா சிரிச்சுட்டேன். (இங்க காலைதான், ஓவர்டைம்.)

அந்த 2004 கேம்ல டேம்சல்னு ஒருத்தி வருவா, சிவப்பு முடி, எப்பவும் கத்திக்கிட்டே இருப்பா. அவளுக்கு அங்க "டென் மதர்"னு ஒரு பேர் உண்டு. புதுசா வந்த குட்டிகளைப் பாத்துக்கற ஆள். எனக்கு ரொம்ப நாளா அந்தப் பதவிதான் மொத்தக் கூட்டத்துலயும் நிஜமானதுன்னு தோணும். அங்க கலகக்காரங்க தலைவர் நைன்ஸ் ரொட்ரீகஸ் அழகா பேசறார், எல்லாரும் அவர் பின்னாடி போறாங்க. ஆனா நேத்து ராத்திரி உருவாக்கப்பட்டு, யார் என்னன்னு தெரியாம நடுங்கிக்கிட்டு நிக்கற புது வேம்பயருக்கு எங்க படுக்கணும், எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறது யாரு? அந்த ஆளுக்கு விசுவாசமாத்தான் அடுத்த தலைமுறை இருக்கும். உங்க பட்டியல்ல அந்தப் பதவியே இல்ல தம்பி.

---

சாம்பல்பூனை | சனி, இரவு 9:41

சரி, கப்பல் விஷயத்துல பாதி ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஓட்டை இருக்கு பாண்டி. கொள்ளைக் கப்பல் ஆளுங்க கொஞ்ச வருஷத்துல செத்துப் போயிருவாங்க. ராபர்ட்ஸே 1722ல பீரங்கிக் குண்டுல போயிட்டான். கேப்டன் கெட்டுப் போறதுக்குள்ள கப்பல் முடிஞ்சிரும். வேம்பயருக்குச் சாவு இல்ல. 80 வருஷமா ஒரே ஆள் பந்தி விசாரிச்சா அவர் என்ன ஆவார்? அவர்தான் இளவரசர். சோறு கையில இருக்கறவனுக்குக் கத்தி தேவையே இல்ல.

அதே கேம்ல வர்ற ஹாலிவுட் ஐசக்கைப் பாருங்க. பேரன், மன்னிக்கணும், பாளையக்காரர். நகைக்கடையில உக்காந்துக்கிட்டு நிதானமாத்தான் பேசுவார், லக்ரோயைப் பிடிக்காதுதான். ஆனா அவர் பேட்டையில அவர் சொல்லாம ஒண்ணும் அசையாது. அவருக்கும் இளவரசருக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, ஐசக்கைப் பாத்தா நமக்குப் பிடிக்குதுங்கறதைத் தவிர நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல.

---

பகடைப்பாண்டி | சனி, இரவு 10:10

நல்ல கேள்வி. நேர்மையாச் சொன்னா முழுப் பதில் என்கிட்ட இல்ல. காலக்கெடு வெக்கலாம். ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒருத்தர், ராத்திரி நீளம் திரும்பும்போது பதவியும் திரும்பட்டும். கயல் சொன்ன சூரியக் கணக்கையே காலண்டரா வெச்சுக்க. டிசம்பர்ல நீண்ட ராத்திரி, அன்னைக்கு எல்லாரும் வந்து சேர முடியும், அன்னைக்கே ஓட்டு. ஆனா பதவியை விட்டு இறங்கினவர் நோட்டை நிஜமாவே குடுப்பாரா, பாதிப் பக்கத்தைக் கிழிச்சுட்டுக் குடுப்பாரான்னு தெரியாது. அதை ஆட விடு.

---

மட்டுறுத்துநர் | சனி, இரவு 10:25

பேரன் ஜோக்கோட சேத்து இதுவரை பதினோரு பதிவை நீக்கியிருக்கேன். போதும். ஒருத்தர் தாத்தா படம் கூடப் போட்டிருந்தீங்க.

---

நள்ளிரவுக்காரன் | திங்கள், காலை 7:20

ஆடியாச்சு. தூக்கம் கெட்டுப் போய் ஆபீஸ் பஸ்ல உக்காந்து எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பட்டியலைக் கிழிச்சுப் போட்டேன். நாலே நாலு சீட்டு எழுதி டேபிள் நடுவுல வெச்சேன்: பாளையக்காரர் (சண்டை மட்டும்), பந்தி விசாரிப்பவர், தலையாரி, தூதுவர். ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாடியும் வடலி அண்ணா சொன்ன மாதிரி "உனக்கு என்ன தெரியாது"ன்னு ஒரு வரி. ஆட்டக்காரங்க நாலு பேரும் பாளையக்காரர் சீட்டுக்குத்தான் கை நீட்டினாங்க. பந்தி விசாரிப்பவர் சீட்டை யாரும் தொடல. கடைசில, இதுக்கா புரட்சி பண்ணாங்கன்னு கேட்டாளே, அவ எடுத்தா. சும்மா, யாரும் எடுக்கலயேன்னு.

களம்: ஷூ லேஸ் பட்டையில ஒரு டயர் கடை, ஜூன் மாசம், ராத்திரி ரெண்டு மணி. துறைமுகத்துல இருந்து ஒரு புதுப் பொண்ணு வந்து நிக்கறா, பசி நாலுல. யார் உருவாக்கினாங்கன்னு அவளுக்கே தெரியல. தலையாரிக்கு அவ வந்தது தெரியும், எங்க தங்கறான்னு தெரியாது. பாளையக்காரர் அவளை உடனே சண்டைக்கு வேணும்ங்கறார், நல்ல பலசாலி. "என் பேட்டை ஆள்கிட்ட இருந்து இன்னைக்கே அவளுக்குக் குடிக்கக் குடுங்க."

அப்ப பந்தி விசாரிப்பவர் சீட்டை எடுத்தவ நோட்டைத் திறந்தா. நிஜ நோட்டு. நாப்பது பக்க கோடு போட்ட நோட்டுல நான் சொன்ன ஒவ்வொரு வேட்டையையும் தேதி போட்டு எழுதி வெச்சிருந்திருக்கா, ரெண்டு ஆட்டமா, எனக்கே தெரியாது. "உங்க பேட்டையில 19 பேர்தான். நீங்க போன வாரம் சண்டைன்னு சொல்லி உங்க முறையைத் தாண்டி மூணு பேரைக் குடிச்சிருக்கீங்க. இருபத்தாறு நாளைக்கு அங்க யாருக்கும் இலை கிடையாது. உங்களுக்கும்."

பாளையக்காரர் ஆடுறவன் என் காலேஜ் நண்பன். கதாபாத்திரத்துல இல்ல, நிஜமாவே கோவம் வந்துருச்சு. சண்டை நேரம்னு அறிவிச்சிட்டா என் சொல்லுதான் சட்டம்னு சீட்டைத் திருப்பிக் காட்டினான். சண்டை எங்கன்னு தலையாரி கேட்டா. "இதோ"ன்னு அவன் பகடையைக் கையில எடுத்தான். யாரும் பேசல. மணி காலை 4:50, ஆட்டத்துல. கயல் அக்கா குடுத்த 5:42 எல்லார் மனசுலயும் ஓடுது.

புதுப் பொண்ணை யாரும் கவனிக்கல. நான் அவளுக்காகப் பசிப் பகடை உருட்டினேன். டயர் கடைக்கு வெளியே கதவு திறந்த சத்தம் கேக்குதுன்னு மட்டும் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினேன்.

அவங்க குரூப் சாட்ல இப்ப வரைக்கும் சண்டை ஓடுது. பாளையக்காரர், "நோட்டை ஒரு தடவை காட்டு, நீ எழுதினது சரியான்னு பாக்கணும்"னு கேட்டுக்கிட்டே இருக்கான். அவ காட்டல. தலையாரிக்கு மட்டும் தனியா ஒரு படம் அனுப்பியிருக்காளாம்னு கேள்வி.

---

சாம்பல்பூனை | திங்கள், காலை 7:41

ரெண்டே ஆட்டம். நான் மூணு மாசம்னு சொன்னேன்.

---

வடலி | திங்கள், காலை 8:02

தம்பி, உந்தப் புதுப் பெட்டை வெளியால போனவள் ஆரைக் கடிச்சவள் எண்டு வந்து சொல்லு. மிச்சத்தை பிறகு கதைப்பம்.